பாராசிட்டமாலில் ஒளிந்திருக்கும் துளி மாசு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாராசிட்டமால் மாத்திரைகளில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. காலாவதித் தேதி இன்னும் வரவில்லை. போடலாமா?

போடாதீர்கள். வாங்கிய மருந்துக்கடையில் அட்டையோடு காட்டுங்கள். உலர்ந்த பாராசிட்டமால் எளிதில் கெடாது. ஈரம் புகுந்தால் மெல்லச் சிதைந்து 4-அமினோஃபீனால் உண்டாகும். காற்றுப் பட்டால் அது பழுப்பேறும். புள்ளிக்கு வேறு காரணமும் இருக்கலாம், பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

கேள்வி: அந்த அமினோஃபீனால் புது மாத்திரையிலும் இருக்குமா? எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பாராசிட்டமாலைத் தயாரிப்பதே பெரும்பாலும் அதிலிருந்துதான். வினைபுரியாமல் மிஞ்சியது சுத்திகரிப்பில் நீங்க வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் பொருள் என்பதால், மூலப்பொருளில் 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) மேல் கூடாது என்கிறது ஐரோப்பிய மருந்துத் தரநூல். 500 மில்லிகிராம் மருந்துக்கு அது வெறும் 25 மைக்ரோகிராம். இருபதாயிரத்தில் ஒரு பங்கு!

முன்பு காரம் கலந்த நைட்ரோபுருசைடு கரைசலைச் சேர்த்து, நீலம் எவ்வளவு அடர்கிறது என்று ஒப்பிட்டார்கள். இப்போது எச்.பி.எல்.சி. கருவி. கரைசலில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வரைபடத்தில் சிகரங்களாகக் காட்டும். வழக்கமான முறைகளில் அமினோஃபீனால் பாராசிட்டமாலுக்கு முன்பே வெளியே வந்துவிடும். ஆனால் கரைப்பானின் சலசலப்பும் அந்த நேரத்தில்தான் வரும். சின்னச் சிகரம் அதில் மூழ்கிப்போகலாம். அதனால் தெரிந்த அளவைக் கலந்த மாதிரியில் அது சரியாகத் தெரிந்ததா என்று பார்க்காமல், ‘காணப்படவில்லை’ என்ற அறிக்கையை நான் ஏற்பதில்லை. அளவை ஒப்பிட வைத்திருக்கும் அமினோஃபீனால் கரைசலையும் அன்றன்றே தயாரிக்க வேண்டும். பழசானால் அதுவே சிதைந்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் நல்ல மருந்தும் கெட்டதாகத் தெரியும்.

கேள்வி: இதில் தேறிய சிரப்பைக் குழந்தைக்கு நம்பிக் கொடுக்கலாம்தானே?

இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பிக் கொடுக்க முடியாது. சிரப்பில் நான் அஞ்சுவது டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு. அது பாராசிட்டமாலோடு வருவதில்லை. சிரப்பில் கரைப்பானாகச் சேர்க்கும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் பீப்பாய்களில் வருகிறது. எச்.பி.எல்.சி.யின் புறஊதாக் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, வாயு நிறவரைவியல் (பொருளை ஆவியாக்கிப் பிரித்தறியும் முறை) வேண்டும். ஹைட்டியில் 1995-96இல் பாராசிட்டமால் சிரப் குடித்த 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கிளிசரின் என்ற பெயரில் வந்த சரக்கில் அந்த நஞ்சு இருந்தது. உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்தே ஆக வேண்டும். விற்பவர் தந்த சான்றிதழ் போதாது. அந்த நஞ்சுக்கு அவற்றில் அனுமதி 0.1 சதவீதம்தான்.

கேள்வி: ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறது?

ஈரம் பட்டுச் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிந்திருக்கிறது. வாடை இரண்டாவதுடையது. அந்த டப்பா இனி வேண்டாம். இதயத்துக்காகத் தினமும் போடுபவர் என்றால், இன்றே புதிது வாங்கிவிடுங்கள், ஒருநாளும் விடாதீர்கள்.