காற்றுக்கே அலறும் பைக் அலாரம்

கேள்வி: தோவாளைப் பூச்சந்தையில் வியாபாரம் செய்கிறேன். விடியும் முன்பே பைக்கில் வந்து சாலையோரம் நிறுத்திவிடுவேன். அண்மையில் பொருத்திய அலாரம், காற்று வீசினாலும் லாரி கடந்தாலும் அலறுகிறது. உணர்திறனைக் குறைத்தால் திருடன் கை வைக்கும்போது ஒலிக்காமல் போய்விடுமோ என்று தயங்குகிறேன். எந்த அளவில் வைக்க வேண்டும்?
– வாசகர், தோவாளை

பதில்: தங்கள் தயக்கம் நியாயமானதே. ஆனால், ஓயாமல் அலறும் அலாரத்தைச் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உண்மையாகவே வண்டி களவு போகும் நேரத்திலும் அது வழக்கமான சத்தமாகத்தான் காதில் விழும். எனவே உணர்திறனைக் குறைக்கத்தான் வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு வரும் ஆனி, ஆடி மாதங்களில், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் தங்கள் வண்டியையும் ஆட்டுகிறது. அதிர்வு சென்சாருக்குக் காற்றின் அசைவும் கையின் அசைவும் ஒன்றே. ஆகவே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; கவர் போடுவதானால் படபடக்காதபடி இழுத்துக் கட்டுங்கள்; ஹேண்டிலில் ஹெல்மெட்டைத் தொங்கவிடாதீர்கள். பிறகு சீட்டைக் கழற்றி, அலாரம் பெட்டி எதனோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக் மூடியில் ஒட்டியிருந்தாலோ, கட்டு தளர்ந்து ஆடினாலோ, லாரி எழுப்பும் சிறு அதிர்வும் அங்கே பெரிதாகிவிடும். வண்டியின் இரும்புச் சட்டத்தோடு கேபிள் டை போட்டு இறுகக் கட்டினாலே பல வண்டிகளில் தொல்லை பாதி தீர்ந்துவிடும்.

இதன் பின்னரே அளவைத் தொட வேண்டும். சில அலாரங்களில் பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். வேறு சிலவற்றில் ரிமோட் பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்த வேண்டும். அந்த வரிசை மாடலுக்கு மாடல் மாறுவதால் கையேட்டைப் பார்ப்பதே சரி. திருகாக இருந்தால் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்; முட்டி நின்ற பிறகும் அழுத்தித் திருகினால் அது உடைந்துவிடும். முதலில் மிகக் குறைந்த அளவில் வைத்து, இன்ஜின் நன்கு ஆறும்வரை காத்திருங்கள். ஏனெனில் சூடான சைலன்சர் ஆறும்போது 'டிக் டிக்' என்று சுருங்குவதும் சென்சாரைத் தூண்டக்கூடும். பிறகு அலாரத்தை இயக்கிச் சீட்டின் மேல் உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள். அதற்குச் சைரன் ஒலிக்கக் கூடாது. எச்சரிக்கையாக ஓரிரு முறை கீச்சிட்டால் பாதகமில்லை. அடுத்து, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள். அதற்குக் கட்டாயம் அலற வேண்டும். அலறாவிட்டால் ஒரு படி மட்டும் கூட்டி மீண்டும் சோதியுங்கள். வண்டியை நகர்த்த நினைப்பவன் ஸ்டாண்டை எடுக்காமல் நகர்த்த முடியாது என்பதால், தாங்கள் தேடும் அளவு இதுதான். காற்று பலமாக அடிக்கும் நாளில் இதே சோதனையை இன்னொரு முறை செய்வது நல்லது. ஹேண்டில் லாக்கை மட்டும் எந்நாளும் மறக்க வேண்டாம்.

சைரன் வீணாக அலறாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு: விடியலுக்கு முந்தைய நேரம் சட்டப்படி இரவே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வணிகப் பகுதிக்கு 55 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என வரம்பு வைத்துள்ளன. அடிக்கடி அலறும் சைரன் பேட்டரியையும் இறக்கிவிடும்.

கேள்வி: எங்கள் வீடு கடலோரத்தில் இருக்கிறது. உணர்திறனை முழுவதும் கூட்டியும் என் பைக் அலாரம் சில நாள் ஒலிப்பதே இல்லை. ஏன்?
– வாசகர், குளச்சல்

பதில்: உப்புக்காற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி முனைகளிலும் வயர் இணைப்புகளிலும் பச்சை நிறப் பூப்பு படிந்திருந்தால் மின்சாரம் விட்டுவிட்டுத்தான் செல்லும். மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றைச் சுத்தம் செய்து, வேஸ்லின் தடவச் சொல்லுங்கள்; அப்படியே பியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு நீங்கிய பின் உணர்திறனைக் குறைந்த அளவிலிருந்து புதிதாக அமையுங்கள். முழு அளவிலேயே விட்டுவைத்தால், இணைப்பு சீரான அன்றிரவே தெருவை எழுப்பிவிடும்.