வயலின் வாசிப்பதையும் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்தே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? பாடம் எடுத்தால் வாசிப்பு கெட்டுப்போகாதா?

முடியும். இருபத்திரண்டு வருஷமாக நான் அப்படித்தான் இருக்கிறேன். மேடையில் பக்கவாத்தியம், வீட்டில் வகுப்பு. மார்கழியில் கச்சேரிகள் நெருக்கியடித்து வரும். மற்ற மாதங்களில் குடும்பத்தைத் தாங்குவது வகுப்புகள்தான்.

நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் இருந்தது. நாள் முழுக்க ஆரம்பப் பாடமான சரளி வரிசையைக் கேட்டால் காது மழுங்கிவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாணவிக்குத் தோடி ராகத்தில் ஒரு வர்ணம் எடுத்தேன். விரல் இடம் சரியாக இருந்தும் காந்தார ஸ்வரத்தில் தோடியின் சாயல் வரவில்லை. நானும் வாசித்துக் காட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வகுப்பில் அவள், "சார், அசைவு எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுது?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு அந்தப் பிடியை மிக மெதுவாக வாசித்துப் பார்த்தேன். விரல் கீழ் ஸ்வரமான ரிஷபத்தை ஒட்டிக் கிளம்பி, மேல் ஸ்வரமான மத்யமத்தைத் தொட்டுத் திரும்புகிறது. நடுவில் எங்கும் நிற்கவில்லை. பதினைந்து வருஷம் வாசித்த பிரயோகம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த வகுப்பில் வயலினைக் கீழே வைக்கச் சொல்லிப் பாடவைத்தேன். தொண்டையில் வந்ததும் விரலிலும் வந்துவிட்டது.

வயலின் கலைஞர் லால்குடி ஜெயராமன் வாசிப்பில் சாகித்யமே, அதாவது பாட்டின் சொற்களே, காதில் விழும் என்பார்கள். தந்தை கோபால ஐயரிடம் கற்று, 12 வயதில் பக்கவாத்தியம் வாசிக்கத் தொடங்கியவர் அவர். வாய்ப்பாட்டுக் கலைஞர் பாம்பே ஜெயஸ்ரீயும் அந்த வயலின் கலைஞரின் மாணவிதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

கச்சேரியில் அடுத்த பாட்டு என்ன என்பது பல நேரம் மேடையில்தான் தெரியும். பாடகர் ஆலாபனை செய்யும்போது நிழல்போலத் தொடர வேண்டும். நம் முறை வந்தால் அவர் எழுப்பிய சூடு ஆறாமல், சுருக்கமாக வாசித்து முடிக்க வேண்டும். மாணவர் எந்த ஸ்வரத்தில் தடுமாறுகிறார் என்று கூர்ந்து கேட்டுப் பழகிய காது அங்கே கைகொடுக்கிறது.

ஒன்றே ஒன்று, சொந்தச் சாதகத்தை, அதாவது தினசரிப் பயிற்சியை, விடக்கூடாது. ஒரு வருஷம் அந்த நேரத்தையும் மாணவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு கச்சேரியில் மேல்காலத்தில், அதாவது வேகமாக, ஸ்வரம் வாசிக்கும்போது வில் தடுக்கியது. அன்றிலிருந்து காலை ஐந்து முதல் ஆறரை வரை யாருக்கும் வகுப்பு இல்லை.