'டுகெதர்' – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'தி மேனேஜர், டுகெதர் வித் ஹிஸ் அசிஸ்டென்ட்ஸ்' என்று தொடங்கினால் அடுத்து வருவது 'ஈஸ்' ஆ, 'ஆர்' ஆ? வருவது பல பேர்தானே?

பதில்: 'ஈஸ்' தான். தமிழிலேயே உரசிப் பாருங்கள். 'மேலாளர் உதவியாளர்களுடன் வருகிறார்' என்கிறோம்; 'வருகிறார்கள்' என்பதில்லை. 'மேலாளரும் உதவியாளர்களும்' என்று 'உம்' சேர்த்தால்தான் 'வருகிறார்கள்'. ஆங்கிலத்திலும் கணக்கு இதுவே: 'டுகெதர் வித்' நம் 'உடன்', 'அண்ட்' நம் 'உம்'. 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' இரண்டும் 'உடன்' பக்கம்தான்.

தவறு நேர்வதற்குக் காரணம், வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் 'அசிஸ்டென்ட்ஸ்' என்ற பன்மை உட்கார்ந்திருப்பது. 'டுகெதர்' முதல் அந்தப் பன்மைச் சொல் வரை விரலால் மறைத்துவிட்டு, மிச்சத்தைப் படியுங்கள். எழுவாய் எது என்று தெரிந்துவிடும். காற்புள்ளி போடுவதானால் முன்னும் பின்னும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு விடுவது பிழை.

கேள்வி: 'ஆல்டுகெதர்', 'ஆல் டுகெதர்' – இடைவெளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பதில்: பொருளே மாறிவிடும். பிரித்து எழுதினால் 'எல்லாம் ஓரிடத்தில்' அல்லது 'எல்லோரும் ஒருசேர'. சேர்த்து எழுதினால் 'முற்றிலும்', 'மொத்தத்தில்'. 'ஆல்' என்பதை வாக்கியத்தின் வேறு இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். 'தி ஃபைல்ஸ் ஆர் ஆல் டுகெதர்' என்பதை 'ஆல் தி ஃபைல்ஸ் ஆர் டுகெதர்' என்று மாற்ற முடிகிறது. எனவே இரண்டு சொல். 'தி பிளான் ஈஸ் ஆல்டுகெதர் நியூ' என்பதில் 'ஆல்' நகராது, ஒரே சொல். 'டென் ஆல்டுகெதர்' என்றால் மொத்தம் பத்து.

சேர்த்து எழுதும்போது 'எல்' எழுத்து முதல் பகுதியில் ஒன்றுதான். இன்னொரு பொறி: 'நாட் ஆல்டுகெதர் ராங்' என்பதற்கு 'தவறே இல்லை' என்று பொருள் கொள்ளாதீர்கள். 'முழுக்கத் தவறென்று சொல்ல முடியாது', அதாவது கொஞ்சம் தவறு இருக்கிறது.

கேள்வி: 'ஃபார் டேஸ் டுகெதர்' என்று எழுதினேன், திருத்துபவர் அடித்துவிட்டார். தவறா?

பதில்: தவறில்லை, பழசு. 'இடைவிடாமல் தொடர்ந்து' என்ற இந்தப் பொருள் அகராதிகளில் உண்டு. இந்திய ஆங்கிலத்தில் நன்றாகவே வாழ்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று அரிதாகிவிட்டது. அவர்கள் 'ஃபார் டேஸ் ஆன் எண்ட்', 'ஃபார் டேஸ் அட் எ டைம்' என்பார்கள். வெளிநாட்டு வாசகருக்கு எழுதினால் மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளூர் வாசகருக்கென்றால் அடித்தது கொஞ்சம் அதிகம் என்பதே எங்கள் கட்சி.

கேள்வி: 'ஜாயின் டுகெதர்', 'கேதர் டுகெதர்' – இவற்றில் 'டுகெதர்' வீண்தானே?

பதில்: பெரும்பாலும். வினையிலேயே 'சேர்தல்' இருக்கிறது. 'கம்பைன்', 'மெர்ஜ்', 'அசெம்பிள்' ஆகியவற்றோடும் வேண்டாம். ஆனால் 'புட்', 'ஸ்டிக்', 'டை' போன்ற வினைகளிலிருந்து அதை எடுத்தால் பொருளே போய்விடும். 'புட் தி பார்ட்ஸ் டுகெதர்' என்றால் உதிரிப் பாகங்களைப் பூட்டுவது. 'டுகெதர்' இல்லாவிட்டால் வெறுமனே எங்கோ வைப்பது, அதுவும் எங்கே என்று சொல்லாமல் அரைகுறையாக நிற்கும். 'மோர் தேன் ஆல் தி அதர்ஸ் புட் டுகெதர்' என்றாலோ, மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதைவிட அதிகம்.

கேள்வி: 'கெட் டுகெதர்' நடுவே சிறுகோடு வேண்டுமா?

பதில்: பெயர்ச்சொல்லானால் வேண்டும்: 'எ கெட்-டுகெதர்', ஒரு சந்திப்பு. 'லெட்டஸ் கெட் டுகெதர்' என்று வினையாக வந்தால் வேண்டாம்.

கேள்வி: 'தே ஆர் டுகெதர்' என்றால் இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

பதில்: அப்படியும் இருக்கலாம், காதலர்களாகவோ இணையராகவோ இருக்கிறார்கள் என்றும் ஆகலாம். 'பேக் டுகெதர்' என்றால் பிரிந்த ஜோடி மீண்டும் சேர்ந்துவிட்டது. சக ஊழியர் இருவர் ஒரே அறையில் வேலை செய்வதைச் சொல்லும்போது 'தே ஆர் ஒர்க்கிங் டுகெதர்' என்று வினையையும் சேர்த்துவிடுங்கள், வம்பு வராது.