சூனியக்காரிக்கும் ஒரு வரலாறு

கேள்வி: 'விக்கட்' படம் பிடித்துப்போய், பத்து வயது மகளுக்காக அதன் மூல நாவலை வாங்கினேன். நானே படித்துப் பார்த்தபோது அதிர்ந்துவிட்டேன். காமம், கொலை, அரசியல்! குழந்தைகள் கதையைக் கெடுக்க கிரகரி மகுவையருக்கு என்ன உரிமை?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: மகளிடம் கொடுக்காதது சரி. 1995இல் வெளிவந்தபோதே அது பெரியவர்களுக்கான நாவல்தான். 2003இல் வந்த பிராட்வே இசை நாடகத்தையும் 2024இல் வந்த படத்தையும் நம்பி நாம் அதைக் குழந்தைகளுக்கு வாங்கினால், பிழை ஆசிரியருடையது அல்ல. கெடுத்துவிட்டார் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

மகுவையர் மறுபடி சொல்வது, 1900இல் எல். ஃபிராங்க் பாம் எழுதிய, ஓஸ் என்ற மாய நாட்டில் நடக்கும் குழந்தைகள் கதையை. அதை நிதானமாகப் படியுங்கள். வீடு திரும்ப உதவி கேட்டு வருகிறாள் சிறுமி டோரத்தி. மேற்குத் திசைச் சூனியக்காரியைக் கொன்றுவிட்டு வா என்கிறான் அந்நாட்டை ஆளும் மந்திரவாதி. மனமறிந்து எதையும் கொன்றதில்லையே என்று குழந்தை அழுகிறது. ஏவியவன் யார்? ஒமாஹாவிலிருந்து பலூனில் வந்து சேர்ந்த, மந்திரமே தெரியாத ஏமாற்றுக்காரன். கதையே பிறகு இதைச் சொல்லிவிடுகிறது. சூனியக்காரி விங்கிகள் என்ற மக்களை அடிமைப்படுத்திய கொடியவள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் அப்படி ஆனாள்? பாம் அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. வியப்பையும் மகிழ்ச்சியையும் வைத்துக்கொண்டு மனவேதனையையும் கெட்ட கனவுகளையும் விட்டுவிட்டதாக முன்னுரையில் எழுதினார். அவர் விட்டுவிட்டதைத்தான் மகுவையர் எடுத்து எழுதினார். சூனியக்காரிக்கு எல்ஃபபா என்ற பெயரையே பாமின் பெயரெழுத்துகளிலிருந்து உருவாக்கினார்.

வளைகுடாப் போரின்போது அவர் லண்டனில் இருந்தார். சதாம் உசேனை ஹிட்லரோடு சேர்த்து எழுதிய நாளிதழ்த் தலைப்பு தன்னையே எப்படி உசுப்பிவிட்டது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒருவரைத் தீயவர் என்று முத்திரை குத்திவிட்டால் அவரைக் கொல்வது எவ்வளவு எளிதாகிவிடுகிறது! இந்தக் கவலையில் பிறந்த நாவலில், பேசும் விலங்குகளின் உரிமைகளைப் பறிக்கும் சர்வாதிகாரியாக மந்திரவாதி வருகிறான். பேராசிரியரான ஓர் ஆடு கொல்லப்படுகிறது. நீங்கள் அதிர்ந்த அரசியல் இதுதான் என்றால், அதிர வேண்டிய இடம்தான் அது.

இன்று வில்லனை நல்லவனாக்கிக் காட்டும் கதைகள் குவிகின்றன. பெரும்பாலானவை சோம்பேறித்தனமானவை, பழைய பொய்யைத் தலைகீழாக்கிப் புதிய பொய் சொல்கின்றன. மகுவையர் அதைச் செய்யவில்லை. அவருடைய எல்ஃபபா கடுமையானவள், தன்னோடு வளரும் சிறுவன் லியரிடம்கூடப் பாசம் காட்டத் தெரியாதவள்.

நாவலின் கடைசிக் காட்சியை மறுபடி பாருங்கள். டோரத்தி எல்ஃபபாவிடம் வருவது மன்னிப்புக் கேட்க. தண்ணீரை ஊற்றுவது அவள் உடையில் பற்றிய தீயை அணைக்க. அந்த நல்லெண்ணமே எல்ஃபபாவைக் கொன்றுவிடுகிறது. இசை நாடகமோ அந்தச் சாவைப் பொய்ச் சாவாக்கி, அவளைக் காதலனோடு தப்பவிட்டது. குழந்தைகள் கதை கெட்டதைவிட, பெரியவர்களுக்கான இந்த முடிவை மழுப்பியதுதான் எனக்கு வருத்தம்.