தினமும் 110 கிலோமீட்டர்

கேள்வி: அக்கா, தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூரில் இருக்கும் ஆபீசுக்கு தினமும் பைக்கில் போய் வருகிறேன். சம்பளத்தில் பெரும்பங்கு பெட்ரோலுக்கே போகிறது. புகையை நினைத்தாலும் உறுத்துகிறது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிடலாமா?
- தக்கலை வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் கணக்கைப் பார்ப்போம். போக வர 110 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 2,420 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டிக்கு சுமார் 54 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 5,400 ரூபாய். ஆயில், டயர், செயின் எல்லாம் தனி. கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டுமுன் டாங்கை நிரப்பிவிட்டு லாபம் பார்த்ததாக நினைப்போமே, அது பஜ்ஜிக் காசு! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு. உங்கள் பங்கு மாதத்துக்கு 124 கிலோ.

ஸ்கூட்டருக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போதும், மலிவுதான். ஆனால் இரண்டு மாதத்தில் அது சுமார் 150 யூனிட் வரும். வீட்டு மீட்டர் 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட, நம்ம ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பாலராமபுரம் நெரிசலில் ரெயின்கோட்டுக்குள் நனைவது பெட்ரோல் வண்டியிலும் ஒன்றுதான், பேட்டரி வண்டியிலும் ஒன்றுதான்.

நான் இரணியலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு 19 வருடம் ரயில் சீசன் டிக்கெட்டில் போய் வந்தவள். என் ஓட்டும் அதற்குத்தான். உங்கள் ஆபீஸ் தம்பானூரில். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் நடை தூரம். ஒரு மாதச் சீசனுக்கு ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணக் கட்டணம்தான் ஆகும், போக வர எத்தனை நாள் போனாலும் அதே காசு. வீட்டிலிருந்து இரணியல் வரை மட்டும் பைக். 54 லிட்டர் ஐந்து லிட்டராகிவிடும். ரயில் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடத்தான் போகிறது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. இரட்டைப் பாதை வேலை முழுசாக முடியும்வரை எதிர் வண்டிக்காக வழியில் நிற்கவேண்டி வரும். பள்ளியாடியில் அப்படி நின்ற நேரங்களில் மட்டும் நான் இரண்டு ஸ்வெட்டர் பின்னி முடித்திருக்கிறேன். நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள், மகன் ஊட்டியில் படித்தான். சீசனை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் மட்டும் ஏறாதீர்கள். சேர்ந்த புதிதில் தூக்கக் கலக்கத்தில் ஏறி, அபராதம் கட்டி, அந்த மாதம் மீன் வாங்குவதைக் குறைத்தேன்.

ஒன்று செய்யுங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். மூன்று மாதச் சீசன் 2.7 மடங்கு விலையில் கிடைக்கும், பிடித்துப் போனால் அப்புறம் அதற்கு மாறலாம். ஆபீசில் நேரமாகி ரயிலை விட்டுவிட்டாலும் பயமில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே கேரள அரசின் கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையத்தில் நாகர்கோவில் பஸ் கிடைக்கும், தக்கலையிலேயே இறங்கிக்கொள்ளலாம். என்ன, உங்கள் வண்டி அன்றைக்கு இரணியலில் தனியாகக் கிடக்கும். மறுநாள் காலையில் ஸ்டேஷனில் கொண்டுவிடச் சொல்லி யாரையாவது தாஜா செய்யவேண்டும்.