ஒயின் தோட்டத்தில் பதினாறு பேருக்கு விருந்து

கேள்வி: எங்கள் பிரிவுத் தலைவி ஓய்வு பெறுகிறார். அவருக்காக, திராட்சைத் தோட்டத்தை ஒட்டியே இருக்கும் ஒயினரி ரெஸ்டாரன்ட் ஒன்றில் பதினாறு பேருக்கு மதிய விருந்து ஏற்பாடு செய்கிறோம். பொறுப்பு என் தலையில். ஐந்து பேர் குடிக்க மாட்டார்கள், மூன்று பேர் சைவம். முதலில் ஒயின் ருசி பார்த்துவிட்டு அப்புறம் சாப்பிடலாம் என்கிறார்கள் சிலர். பில்லைச் சமமாகப் பிரிப்பதா என்பதிலும் குழப்பம். வழி சொல்லுங்கள் அக்கா.

பதில்: குடிக்காத அந்த ஐந்து பேரை வைத்துத் திட்டத்தைத் தொடங்குங்கள். நான் முதல் தடவை இதுமாதிரி பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர்களைக் கடைசியாகத்தான் நினைத்தேன். பதினொரு மணிக்கு ஒயின் ருசி, ஒன்றரைக்குச் சாப்பாடு. ஒயினைத் தொடாத தோழி ஒருத்தி மேஜையின் கோடியில் தண்ணீர் கிளாஸோடு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எல்லோரிடமும் கேட்ட அதே தொகையை அவளிடமும் கேட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தாள். வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. மறுநாளே பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அதற்கப்புறம் நான் கூப்பிட்ட எந்த விருந்துக்கும் அவள் வரவில்லை.

அதனால் ரெஸ்டாரன்டுக்குப் போன் செய்ததும் முதலில் இதைக் கேளுங்கள்: குடிக்காதவர்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? சில ஒயினரிகளில் தங்கள் பழத்திலிருந்தே பிழிந்த, புளிக்க வைக்காத சாறு கிடைக்கும். அதை மற்றவர்களுக்கு வைக்கும் அதே கால் வைத்த கிளாஸில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். தலைவிக்காக எல்லோரும் கிளாஸை உயர்த்தும்போது யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். ஆல்கஹால் நீக்கிய ஒயினை மட்டும் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். அதில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் மிச்சம் இருக்கலாம். மத நம்பிக்கை, கர்ப்பம், மருந்து, பழைய குடிப்பழக்கத்திலிருந்து மீண்டது என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். காரணத்தைத் தோண்ட வேண்டாம், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் போதும். இன்னொன்று: இப்படிப்பட்ட இடங்களில் சாஸிலும் இனிப்பிலும் ஒயின் சேர்ப்பது சகஜம். கொதித்தால் ஆல்கஹால் முழுவதும் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. எந்தெந்தப் பதார்த்தத்தில் ஒயின் சேர்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

வெறும் வயிற்றில் ருசி பார்ப்பது வேண்டவே வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு 50 மில்லி ஊற்றினால் ஆறு வகைக்கு 300 மில்லி. 750 மில்லி பாட்டில் ஐந்து கிளாஸுக்கு வரும் என்பதால், ‘சும்மா ருசி’ என்று சொல்லிக்கொண்டே இரண்டு முழு கிளாஸ் உள்ளே போயிருக்கும். சாப்பாடு வயிற்றில் இருந்தால் ஆல்கஹால் சிறுகுடலுக்கு மெதுவாகப் போகும். வெறும் வயிறு என்றால் உடனே ஏறும். முதலில் தோட்டத்தையும் பீப்பாய் அறையையும் சுற்றிப் பாருங்கள். இது பதினாறு பேரும் சேர்ந்து செய்யக்கூடியது. பீப்பாய் அறை குளிரும், ஒரு சால்வை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒயினைச் சாப்பாட்டோடு சேர்த்து, மூன்று வகை போதும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாகத் தரச் சொல்லுங்கள்: இலேசான வெள்ளை முதலில், சிவப்பு அடுத்து, இனிப்பானது கடைசியில்.

பதினாறு பேருக்கு ஒரே நீள மேஜை போட்டால் இந்தக் கோடியில் பேசுவது அந்தக் கோடிக்குக் கேட்காது. எட்டு எட்டாக இரண்டு மேஜை கேளுங்கள். தலைவி பாதி விருந்துக்கு ஒன்றிலும் மீதிக்கு மற்றதிலும் உட்காரட்டும். முழு மெனுவிலிருந்து ஆளாளுக்கு ஆர்டர் கொடுத்தால் முதல் தட்டு ஆறிய பிறகுதான் கடைசித் தட்டு வரும். இரண்டு தொடக்கம், இரண்டு முதன்மை, அதில் ஒவ்வொன்று சைவம் என்று முடிவு செய்து, யாருக்கு எது என்று பெயர்வாரியாக எழுதி முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். பேச்சு, பரிசு எல்லாம் முதன்மை உணவுக்கு முன்னாலேயே முடியட்டும். அப்புறம் என்றால் பாதிப் பேர் எழுந்து தோட்டத்தில் போட்டோ எடுக்கப் போய்விடுவார்கள்.

பில்லா? உணவு தனி, ஒயின் தனி. உணவும் தலைவியின் பங்கும் எல்லோருக்கும் சமம். ஒயின் குடித்தவர்களுக்கு மட்டும். இதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

குடிக்காதவர்கள்தானே, அவர்களே எல்லோரையும் காரில் கொண்டுபோய் விடட்டும் என்று மட்டும் எண்ண வேண்டாம். வேன் பேசுங்கள். காபி குடித்தாலும் குளிர்ந்த நீரில் முகம் கழுவினாலும் போதை சீக்கிரம் இறங்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

கேள்வி: திராட்சையில் செய்யும் ஒயின் சைவம்தானே?

பதில்: எல்லாமே அப்படி இல்லை. கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் போன்றவற்றைச் சில இடங்களில் சேர்க்கிறார்கள். அவை கசடோடு அடியில் படிந்து பெரும்பாலும் நீங்கிவிடும் என்றாலும், சைவத்தில் உறுதியாக இருப்பவருக்கு அது சமாதானம் ஆகாது. பென்டொனைட் என்ற களிமண்ணால் தெளிய வைப்பதும் உண்டு. வீகன், அதாவது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது, என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள்; இல்லாவிட்டால் அங்கேயே கேளுங்கள், ஒயின் செய்பவர்கள் பக்கத்திலேயே இருப்பதுதான் ஒயினரியின் வசதி.

கேள்வி: காரமான உணவோடு சிவப்பு ஒயின் குடித்தபோது வாய் எரிந்து, கசந்தது. ஒயின் கெட்டுப்போனதா?

பதில்: கெட்டிருக்காது. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். திராட்சைத் தோல், விதையிலிருந்து வரும் டானின் எச்சிலை வற்ற வைப்பதுபோலத் துவர்க்கும். காரத்துக்கு ஆல்கஹால் குறைந்த, சற்றே இனிப்பான வெள்ளை ஒயினை 8 முதல் 10 டிகிரி வரை குளிர வைத்துக் கேளுங்கள். அந்தச் சிவப்பைக் கொழுப்பும் உப்பும் உள்ள சீஸோடு மறுபடி ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.