பதிவு செய்தால் சபைக்குத் தலை மாறிவிடுமா?

கேள்வி: அமெரிக்காவில் நாற்பது குடும்பங்கள் கூடும் தமிழ்ச் சபை எங்களுடையது. சொந்த இடம் வாங்கப் போகிறோம். சபையைப் பதிவு செய்து 501(சி)(3) வரிவிலக்குக்கும் விண்ணப்பிக்கலாம் என்கிறது கமிட்டி. "கையெழுத்துப் போட்டால் கிறிஸ்துவுக்குப் பதில் இராயன், அதாவது அரசு, தலையாகிவிடுவான்" என்கிறார் ஒரு மூப்பர். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரரே, மூப்பரின் பயம் சபைமேல் உள்ள பாசத்தில் வருவது, அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் அவர் இரண்டு காரியங்களை ஒன்றாக்கிவிட்டார். சபையைச் சட்டப்படி தனி நிறுவனமாக்கும் பதிவு மாநிலச் சட்டம். வரிவிலக்கு மத்திய அரசின் சட்டம்.

வரிவிலக்குக்கு நீங்கள் விண்ணப்பிக்கவே வேண்டியதில்லை. மத்திய வரிச் சட்டத்தின் 508(சி)(1)(ஏ) பிரிவின்படி, தகுதியுள்ள சபைக்கு 1023 என்ற விண்ணப்பப் படிவம் போடாமலே விலக்கு உண்டு; காணிக்கை கொடுப்பவருக்கும் வரிக்கழிவு உண்டு. வரித் துறையிடம் 600 டாலர் கட்டி வாங்கும் கடிதம், யாராவது அத்தாட்சி கேட்டால் காட்ட உதவும்.

அதேபோல, படிவம் போடாவிட்டாலும் நிபந்தனை போகாது. வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ சபை பிரசாரம் செய்யக் கூடாது என்பது 1954-ல் வந்த சட்டம். நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டன் பகுதிச் சபை ஒன்று 1992-ல் அதிபர் வேட்பாளர் கிளின்டனுக்கு எதிராக நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. விலக்கு பறிபோனது, 2000-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. கருக்கலைப்பு, திருமணம் பற்றி வேதம் சொல்வதைப் பிரசங்கிக்க இந்தச் சட்டம் தடையல்ல.

பதிவை விட்டால் அரசு விட்டுவிடும் என்பதும் நடக்கவில்லை. இண்டியானாபொலிஸ் பாப்டிஸ்ட் டெம்பிள் என்ற சபை பதிவைக் கைவிட்டு, ஊழியர் சம்பளத்தில் வரி பிடிக்க மறுத்தது. 2001 பிப்ரவரியில் மத்திய அரசின் மார்ஷல்கள் வந்து கட்டடத்தைக் கைப்பற்றினார்கள்.

இடம் வாங்குவதால், பதிவு செய்யுங்கள் என்றே சொல்வோம். பத்திரம் இரண்டு மூப்பர்கள் பெயரில் இருந்து ஒருவர் இறந்தால், அவர் வாரிசுகளின் கையெழுத்துக்கு அலைய நேரிடலாம். சபை வாசலில் வழுக்கி விழுந்தவர் போடும் வழக்கும் தனி ஆட்கள்மேல் திரும்பலாம்.

விசுவாசத்தில் விட்டுக்கொடுத்தல் நுழையும் இடம் உங்கள் சபை விதிகள்தான். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே நகல் எடுத்தால், உபதேசத்தையும் மூன்று பேர் ஓட்டுப்போட்டு மாற்றலாம் என்று ஆகிவிடும். விசுவாச அறிக்கையை விதிகளிலேயே சேருங்கள். உபதேசம், சபை ஒழுங்கு, போதகர் நியமனம் யார் கையில் என்று எழுதுங்கள். "சபை கலைக்கப்பட்டால் சொத்து இதே விசுவாசமுள்ள, வரிவிலக்குப் பெற்ற சபைக்குச் சேரும்" என்ற வாசகம் பதிவுப் பத்திரத்திலேயே கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் 1023 விண்ணப்பம் சிக்கலாகலாம். மூப்பரையே இந்த வரைவுக்குப் பொறுப்பாக்குங்கள். கையெழுத்துக்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும்.